மோனை இருக்கிறது, சரி, அதனால் என்ன? மேல்நிலை இலக்கிய வகுப்பும் திறன்வழிப் பாடத்திட்டமும்

பிளஸ் டூ தமிழ்த் தேர்வு எழுதிய யாருக்கும் 'நயம் பாராட்டுக' கேள்வி மறந்திருக்காது. ஒரு பாடலைக் கொடுத்திருப்பார்கள். மாணவர் மையக் கருத்து, மோனை நயம், எதுகை நயம், முரண், இயைபு, அணி நயம், சந்த நயம் என்று தலைப்புகளை வரிசையாக எழுதி அடிக்கோடு போடுவார். மோனைக்குக் கீழே "காட்டுக்கு யானை, பாட்டுக்கு மோனை" என்று ஒரு வரி. எதுகைக்குக் கீழே "மதுரைக்கு வைகை, செய்யுளுக்கு எதுகை" என்று இன்னொரு வரி. பாடலிலிருந்து இரண்டு சொற்களை எடுத்து, ஒத்த எழுத்துகளுக்குக் கீழே கோடு. என்ன அணி என்று தெரியவில்லையா, 'இயல்பு நவிற்சி அணி' என்று எழுதிவிட்டால் போதும், பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளலாம். பாடல் எதைப் பற்றியது என்று முழுசாகப் புரியாமலே நான்குக்கு மூன்று வாங்கிவிட முடியும்.

இத்தனைக்கும் அந்த வினாத்தாளிலேயே நல்ல கேள்வி அதுதான். 90 மதிப்பெண் தாளில் மற்ற பல கேள்விகள் படித்ததைத் திருப்பிச் சொல்லச் சொல்கின்றன. அடிபிறழாமல் எழுதச் சொல்கிற கேள்வி நேரடியாகவே மனப்பாடம். இந்த ஒரு கேள்விதான் புதிய பாடல் ஒன்றைக் கையில் கொடுத்து, நீயே வாசி என்கிறது. திறன்வழி இலக்கியக் கல்வி என்று இப்போது பயிற்சி வகுப்புகளில் நமக்குச் சொல்லப்படுவதன் விதை அந்தக் கேள்வியில் ஏற்கனவே இருக்கிறது. அது ஏன் முளைக்கவில்லை என்று புரிய, அதே கேள்வியை வேறொரு ஊரில் எப்படிக் கேட்கிறார்கள், எப்படித் திருத்துகிறார்கள் என்று பார்ப்பது உதவும்.

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் 'அட்வான்ஸ்டு ப்ளேஸ்மென்ட்', சுருக்கமாக ஏபி, என்ற ஏற்பாடு உண்டு. பள்ளியில் படிக்கும்போதே கல்லூரி முதலாண்டுத் தரத்தில் ஒரு பாடத்தைப் படித்து, மே மாதம் பொதுத் தேர்வு எழுதுவது. 1950-களின் நடுவில் தொடங்கியது. காலேஜ் போர்டு என்ற அமைப்பு நடத்துகிறது. 1 முதல் 5 வரை மதிப்பெண். நல்ல மதிப்பெண் வாங்கினால் பல கல்லூரிகள் அந்தப் பாடத்தை முடித்ததாகவே எடுத்துக்கொள்ளும். சேலத்தில் ஃபேர்லேண்ட்ஸ் பக்கமும், பிள்ளைகளை ஏற்காட்டு விடுதிப் பள்ளிகளில் சேர்த்திருக்கும் பெற்றோரிடையேயும் இந்தப் பெயர் அவ்வப்போது காதில் விழுகிறது. பெரும்பாலும் கணக்கு, இயற்பியலுக்காகத்தான் கேட்பார்கள். இலக்கியத்துக்கும் அப்படி ஒரு பாடம் இருக்கிறது என்றால், "அதுல என்ன சார் அட்வான்ஸ்டு?" என்று நியாயமாகவே ஆச்சரியப்படுவார்கள்.

என்ன அட்வான்ஸ்டு என்றால், முதல் விஷயம், அந்தப் பாடத்துக்குக் கட்டாய நூல் பட்டியல் கிடையாது. எந்த நாவல், எந்தக் கவிதை என்பதை ஆசிரியரே முடிவு செய்யலாம். காலேஜ் போர்டு தருவது திறன்களின் பட்டியல். 2019-இல் அதைப் புதுசாகத் திருத்தி, முழு ஆண்டையும் ஒன்பது அலகுகளாகப் பிரித்தார்கள். சிறுகதை, கவிதை, நாவல் அல்லது நாடகம் என்ற மூன்றும் ஒரு சுற்று. அதே மூன்றும் மறுபடி இரண்டாவது சுற்று, மறுபடி மூன்றாவது சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் பாத்திரம், களம், கட்டமைப்பு, கதைசொல்லும் குரல், உருவக மொழி, இலக்கிய வாதம் என்ற ஆறு கருத்துகளையே திரும்பத் திரும்பத் தொடுவார்கள். எல்லா அலகிலும் ஆறும் வர வேண்டும் என்பதில்லை, ஆனால் ஒவ்வொன்றும் ஆண்டு முழுக்கப் பலமுறை திரும்பி வரும்.

இப்படிச் சுற்றிச் சுற்றி மேலேறும் பாடத்திட்டம் என்ற யோசனையை அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் புரூனர் 1960-இல் முன்வைத்தார். நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். ஏற்காடு மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு வளைவு அதே சேலம்தான் கீழே தெரிகிறது. ஏற ஏற இன்னும் கொஞ்சம் அகலமாகத் தெரிகிறது. முதல் சுற்றில் பாத்திரம் பற்றிய கேள்வி எளிமையானது: இந்த ஆளைப் பற்றி நமக்கு என்ன தெரிகிறது, எந்த வரியிலிருந்து தெரிகிறது? இரண்டாம் சுற்றில், இந்த ஆள் மாறுகிறாரா, எந்த இடத்தில் மாறுகிறார்? மூன்றாம் சுற்றில், இவர் சொல்வதும் செய்வதும் ஏன் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை, அந்த முரண்பாட்டால் கதை என்ன சொல்கிறது?

நம் மேல்நிலைத் தமிழ்ப் புத்தகமும் மோசமில்லை. 2018-இல் பதினொன்றாம் வகுப்புக்கும் அடுத்த ஆண்டு பன்னிரண்டுக்கும் வந்த புதிய புத்தகங்கள் மொழி, இயற்கை, பண்பாடு, கல்வி என்று பொருண்மை வாரியாக இயல்களாகப் பிரிக்கப்பட்டவை. இயலின் தொடக்கத்தில் 'கற்றல் நோக்கங்கள்' என்று ஒரு பட்டியலும் உண்டு. ஆனால் பொருண்மை வாரியாக அடுக்கும்போது ஒரு விளைவு வருகிறது. இயற்கை பற்றிய இயல் முடிந்ததும் அதில் வந்த கவிதையும் முடிந்துவிட்டது. அங்கே 'உள்ளுறை' (இயற்கைக் காட்சிக்குள் வேறொரு பொருளை மறைத்துச் சொல்வது) என்று ஒன்றைக் கற்றுக்கொண்ட மாணவிக்கு, அதை ஐந்தாவது இயலில் வேறொரு கவிதையில் பயன்படுத்திப் பார்க்க எந்த அவசியமும் இல்லை. புத்தகம் முன்னே போய்க்கொண்டே இருக்கிறது. சிறப்புத் தமிழை விருப்பப் பாடமாக எடுப்பவர்களுக்கு இலக்கியத்தோடு பழக இன்னும் கொஞ்சம் நேரம் கிடைக்கிறது என்றாலும், அந்தப் பிரிவு எல்லாப் பள்ளியிலும் இல்லை. இருக்கிற இடத்திலும் "அறிவியல் குரூப் கிடைக்கலேன்னா இது" என்கிற மனநிலையில்தான் பலர் வந்து சேர்கிறார்கள்.

திருத்தும் முறைக்கு வருவோம். என்னைக் கேட்டால் எல்லா வேறுபாட்டுக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது.

ஏபி இலக்கியத் தேர்வு மூன்று மணி நேரம். முதல் ஒரு மணி நேரம் 55 கொள்குறி வினாக்கள். அவையும் கொடுக்கப்பட்ட கவிதை, உரைநடைப் பகுதிகளை வாசித்துத்தான் பதில் சொல்ல வேண்டியவை. அடுத்த இரண்டு மணி நேரம் மூன்று கட்டுரைகள்: கொடுக்கப்படும் ஒரு கவிதையைப் பற்றி ஒன்று, கொடுக்கப்படும் ஒரு கதைப் பகுதியைப் பற்றி ஒன்று, மாணவர் தானே தேர்ந்துகொண்ட முழு நாவல் அல்லது நாடகத்தை வைத்து ஒன்று. கட்டுரைகளுக்கு மொத்தத்தில் 55 விழுக்காடு. ஒவ்வொரு கட்டுரைக்கும் 6 புள்ளிகள். முன்பு 9 புள்ளி அளவில், கட்டுரையை முழுதாக வாசித்து ஒரு மதிப்பெண் போடுவார்கள். 2019-20 கல்வியாண்டில் அதை 6-ஆக மாற்றிப் பிரித்தார்கள். 1 புள்ளி, வாதிட்டு நிறுவத்தக்க ஒரு கருத்தை முன்வைத்ததற்கு. கதைச் சுருக்கம் எழுதினால் இந்தப் புள்ளி கிடையாது. 4 புள்ளிகள், சான்றுக்கும் அதன் விளக்கத்துக்கும். கடைசி 1 புள்ளி வாசிப்பின் நுட்பத்துக்கு; அது எளிதில் கிடைக்காது.

அந்த நடு நான்கைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பாடலிலிருந்து மேற்கோள் காட்டினால் மட்டும் நான்கும் வந்துவிடாது. உவமையைக் கண்டுபிடித்து உவமை என்று பெயர் சொன்னாலும் வராது. இந்த உவமை இங்கே இருப்பதால் பாடலின் பொருள் எப்படி மாறுகிறது, அது என் கருத்தை எப்படித் தாங்குகிறது என்ற இணைப்பை எழுதினால்தான் மேலே ஏற முடியும். நம் நயம் பாராட்டலில் மதிப்பெண் கண்டுபிடிப்பதற்கு. அங்கே மதிப்பெண் இணைப்பதற்கு. ஒரே மாதிரிக் கேள்விகள் இரண்டு, வெவ்வேறு விதமான மாணவர்களை உருவாக்குவதற்கு இந்த ஒரு வேறுபாடு போதுமானது.

ஒரு பாடலை வைத்தே பார்த்துவிடலாம். புறநானூற்றின் 95-ஆம் பாட்டு, ஔவையார் பாடியது. நமக்குப் பக்கத்து வீட்டுச் சங்கதி: இந்தப் பாட்டு புகழும் அதியமானின் தகடூர் இன்றைய தருமபுரி, 1965 வரை அது சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது.

"இவ்வே, பீலி அணிந்து, மாலை சூட்டி,
கண்திரள் நோன்காழ் திருத்தி, நெய் அணிந்து,
கடியுடை வியன்நக ரவ்வே, அவ்வே,
பகைவர்க் குத்திக் கோடுநுதி சிதைந்து,
கொல்துறைக் குற்றில மாதோ, என்றும்
உண்டாயின் பதம்கொடுத்து,
இல்லாயின் உடன்உண்ணும்,
இல்லோர் ஒக்கல் தலைவன்,
அண்ணல்எம் கோமான், வைந்நுதி வேலே."

சுருக்கமாகச் சொன்னால்: இந்த ஆயுதங்கள் பீலியும் மாலையும் அணிந்து, காம்பு திருத்தி, நெய் பூசி, காவலுள்ள மாளிகையில் இருக்கின்றன; இருந்தால் கொடுத்து, இல்லாவிட்டால் சேர்ந்து உண்ணும் எங்கள் தலைவனின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் கொட்டிலில் கிடக்கின்றன. வழக்கமான வகுப்பில் என்ன நடக்கும்? பாடலை வாசித்து, சொற்பொருள் எழுதிப்போட்டு, பொழிப்புரை சொல்லி, பாடாண் திணை, வாண்மங்கலத் துறை என்று குறிக்கச் சொல்லி, "ஔவையார் அதியமானின் படைக்கலங்களை எவ்வாறு சிறப்பிக்கிறார்?" என்று நெடுவினா கொடுத்தால் வேலை முடிந்தது. கைடில் விடை இருக்கிறது. இதில் எதுவும் தவறில்லை. பொருள் தெரியாமல் திறனும் இல்லை, ஒன்றும் இல்லை, சொற்பொருளைத் தாண்டிக் குதித்துவிட்டு "உனக்கு என்ன தோணுது?" என்று கேட்கிற ஆர்வக்கோளாறு வகுப்புகளையும் பார்த்திருக்கிறேன். அங்கே பிள்ளைகள் பாவம், காற்றில் கை வீசிக்கொண்டிருப்பார்கள்.

திறன்வழி வகுப்பு பொழிப்புரை முடிந்த இடத்திலிருந்து ஆரம்பிக்கிறது. முதல் கேள்வி: பேசுகிறவர் எங்கே நிற்கிறார்? 'இவ்வே' என்கிறார், 'அவ்வே' என்கிறார். இவை பக்கத்தில் இருக்கின்றன. அவை தூரத்தில் இருக்கின்றன. ஆக, அவர் நிற்பது அலங்கரித்து வைத்த ஆயுதங்களுக்கு முன்னால், அதாவது எதிராளியின் இடத்தில். புகழ்கிற வேல் அங்கே இல்லை, வேறெங்கோ இருக்கிறது. இதை ஒரு மாணவர் சுட்டிவிட்டால் பாதிப் பாட்டு திறந்துவிடும்.

இரண்டாவது: இரண்டு இடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வை. ஒன்று காவல் உடைய அகன்ற மாளிகை. இன்னொன்று கொல்லனின் சின்னக் கொட்டில். இங்கே சேலத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வசதி உண்டு. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் வீட்டிலிருந்து வருகிறவர்கள், குகையிலும் அம்மாப்பேட்டையிலும் தறி இருக்கும் வீட்டுப் பிள்ளைகள், இவர்களுக்கு வேலையில் இருக்கும் கருவி பளபளவென்று இருக்காது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பீலியும் மாலையும் நெய்யுமாக மின்னுகிற ஆயுதம் எதற்கும் பயன்படாதது என்பதை ஒரு நொடியில் சொல்லிவிடுவார்கள். அந்தப் பதிலை அப்படியே எழுத்தில் கொண்டுவருவதுதான் கடினம். அதைப் பிறகு பார்க்கலாம்.

மூன்றாவது கேள்வி எனக்குப் பிடித்தது. நாலாவது அடியில் 'நுதி சிதைந்து', நுனி முறிந்து கிடக்கிறது. கடைசி அடியில் அதே ஆயுதம் 'வைந்நுதி வேல்', கூரிய நுனியுடைய வேல். வகுப்பில் யாராவது ஒரு பிள்ளை கண்டுபிடித்துவிடும்: "ஐயா, முனை உடைஞ்சிருக்குன்னு சொல்லிட்டு, கடைசியில கூரான வேல்ங்கறாங்களே?" இந்தக் கேள்விக்குக் கைடில் பதில் இருக்காது, அதனால்தான் இது நல்ல கேள்வி. முறிந்தது செப்பனிடப்பட்டுக்கொண்டிருக்கிறது, நாளைக்கு மறுபடி கூராகிவிடும் என்று ஒருவர் வாதிடலாம். எத்தனை முறை முறிந்தாலும் அந்த வேலின் இயல்பு கூர்மை என்று இன்னொருவர் சொல்லலாம். கேட்டுக்கொண்டிருப்பவனுக்கு விடுக்கும் எச்சரிக்கை அது என்று மூன்றாமவர் சொல்லலாம். எதைச் சொன்னாலும் பாடலின் அடியைத் தொட்டுத்தான் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் விதி.

அப்புறம், நடுவில் திடீரென்று சோறு ஏன் வருகிறது? ஆயுதக் கொட்டிலில் நின்று ஆயுதத்தைப் பற்றிப் பேசுகிறவர், இருந்தால் கொடுப்பான், இல்லாவிட்டால் சேர்ந்து உண்பான், இல்லாதவர்களின் சுற்றத்துக்குத் தலைவன் என்று மூன்று அடிகளை ஏன் செலவழிக்கிறார்? மாளிகையில் தனியாக அடைபட்டிருக்கும் ஆயுதத்துக்கும், எல்லோரோடும் உட்கார்ந்து உண்ணும் தலைவனுக்கும் இடையில் ஒரு கோடு போட முடிகிறவர், எந்த ஊர்த் தேர்விலும் அந்த நடு நான்கு புள்ளிகளில் பெரும்பகுதியை வாங்கிவிடுவார்.

எழுத்தில் வேறுபாடு எப்படித் தெரியும்? ஒருவர் எழுதுவார்: "ஔவையார் இப்பாடலில் முரணைப் பயன்படுத்தியுள்ளார். இது பாடலுக்கு அழகு சேர்க்கிறது." இன்னொருவர் எழுதுவார்: "தொண்டைமானின் ஆயுதங்களைப் புகழ்வதுபோலத் தொடங்கும் ஔவை, உண்மையில் அவற்றின் அலங்காரத்தையும் அவை இருக்கும் மாளிகையையும் மட்டுமே சொல்கிறார். அவை செய்த ஒரு செயலைக்கூடச் சொல்லவில்லை. அதியமானின் ஆயுதத்துக்கு அலங்காரம் ஒன்றுகூட இல்லை. 'குத்தி' என்ற செயல் இருக்கிறது." இரண்டாவது பத்தியில் முரண் என்ற சொல்லே வரவில்லை. நம் இன்றைய விடைக்குறிப்பின்படி அதற்கு மதிப்பெண் குறைந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

இங்கே ஒரு சிக்கலையும் சொல்லியாக வேண்டும். மேலே நான் தொண்டைமான் என்றேன், அதியமான் என்றேன். பாடலுக்குள் இரண்டு பெயரும் இல்லை. அதியமான் தூது அனுப்ப, எதிரி மன்னன் தொண்டைமானிடம் போன ஔவைக்கு அவன் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்ட, அப்போது பாடியது என்ற செய்தி பாடலின் அடிக்குறிப்பில்தான் இருக்கிறது. அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் இது இரண்டு ஆயுதக் குவியல்களைப் பற்றிய விவரணை. குறிப்பு சேர்ந்ததும் இது போர் மிரட்டல், அதிலும் விருந்தாளியாகப் போன இடத்தில் சிரித்துக்கொண்டே விடுத்த மிரட்டல்.

திறன்வழிக் கல்வியின் மேற்கத்திய வேர் இந்த இடத்தில் கொஞ்சம் தடுமாறும். 1920-களில் கேம்பிரிட்ஜில் ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் தன் மாணவர்களுக்குக் கவிஞர் பெயர், காலம் எதுவும் சொல்லாமல் கவிதைகளைக் கொடுத்து எழுதச் சொன்னார். அந்த அனுபவத்தை 1929-இல் நூலாக்கினார். நெருங்கி வாசித்தல் என்ற பழக்கம் ஆங்கில வகுப்பறைகளில் வேரூன்றியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. ஏபி தேர்வின் கவிதைக் கேள்வியில் இன்றும் அந்த வாடை அடிக்கிறது. பிரதியை மட்டும் பார், மற்றதெல்லாம் வெளியே. இதற்கு நல்ல பக்கம் உண்டு: யார் எழுதினார் என்பதற்காக மயங்கி விழாமல் படிக்கப் பழகுவது. கெட்ட பக்கமும் உண்டு: வரலாறு, சாதி, நிலம், யார் யாருக்கு அடங்கிப்போக வேண்டியிருந்தது என்பதெல்லாம் 'பின்னணி' என்று ஓரமாக ஒதுக்கப்படும். புறம் 95-ஐ வைத்துக்கொண்டு முதல் நாள் குறிப்பு இல்லாமலும் மறுநாள் குறிப்போடும் வாசிக்கச் செய்தால், இரண்டுக்கும் இடையில் பாடல் எவ்வளவு மாறுகிறது என்பதை மாணவர்களே பார்த்துக்கொள்வார்கள். பின்னணித் தகவல் எதற்குத் தேவை என்பதை உரை நிகழ்த்தி விளக்குவதைவிட இது மேல்.

சரி, இதெல்லாம் வெளியிலிருந்து வந்த முறைதானா? தொல்காப்பியம் செய்யுளியலின் முதல் நூற்பாவை எடுத்துப் பாருங்கள். செய்யுளுக்கு 34 உறுப்புகள் சொல்கிறது. மாத்திரை, அசை, சீர், அடி என்று ஒலிக் கணக்கில் தொடங்குவதால் பலர் அங்கேயே புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். கொஞ்சம் தள்ளிப் போனால் கூற்று, கேட்போர், களன், காலம், பயன், மெய்ப்பாடு, எச்சம், முன்னம் என்று வருகிறது. யார் பேசுகிறார், யார் கேட்கிறார், எங்கே, எப்போது, அதனால் என்ன விளைகிறது, எந்த உணர்வு வெளிப்படுகிறது, எது சொல்லாமல் விடப்பட்டிருக்கிறது. காலேஜ் போர்டின் ஆறு கருத்துகளில் களமும் குரலும் அப்படியே இதில் இருக்கின்றன. கேட்போரைத் தனி உறுப்பாக வைத்ததில் நம் பட்டியல் ஒரு படி கூர்மையானது என்றுகூடச் சொல்வேன். புறம் 95-இல் கேட்போர் யார் என்று கேட்காமல் ஓர் அடிகூட நகர முடியாது என்பதை இப்போதுதான் பார்த்தோம்.

அந்தப் பட்டியலில் 'நோக்கு' என்றும் ஓர் உறுப்பு உண்டு. மாத்திரையிலிருந்து அடி வரைக்கும், கேட்டவர் மறுபடி மறுபடி பார்க்கும்படி செய்வது எதுவோ அது நோக்கு என்கிறது நூற்பா. இதற்கு உரை எழுதிய, பேராசிரியர் என்றே பெயர் பெற்ற பழைய உரையாசிரியர், அகநானூற்றின் "முல்லை வைந்நுனை தோன்ற" என்ற பாட்டை எடுத்து, சொல் சொல்லாக, இந்தச் சொல் ஏன் இங்கே வந்தது, இதனால் என்ன பெறப்பட்டது என்று சொல்லிக்கொண்டு போகிறார். ஒவ்வொரு சொல்லுக்கும் 'அதனால் என்ன?' என்று கேட்டுப் பதில் சொல்லும் உரை அது. ஏபி கேட்கும் சான்று விளக்கத்துக்கு இதைவிட நல்ல மாதிரி எனக்குத் தெரியாது. இந்த உரைப் பகுதியில் அரைப் பக்கத்தை எளிய தமிழில் மாணவர் கையில் கொடுத்தால், திறன் என்றால் என்ன என்று ஒரு வாரம் விளக்கும் வேலை மிச்சம்.

இதைச் சொல்லும்போது ஒரு பெருமிதப் பொறியில் விழுந்துவிடக் கூடாது. 'எல்லாம் நம்மிடமே இருக்கிறது' என்று முடித்துக்கொண்டால் பழைய இடத்துக்கே திரும்பிவிடுவோம். நயம் பாராட்டலின் மோனை, எதுகை எல்லாமும் அதே செய்யுளியல் மரபிலிருந்து வந்தவைதான்; அவற்றைத் தலைப்புகளாக உறைய வைத்தது நாம். நாளைக்குக் கூற்று நயம், கேட்போர் நயம், களன் நயம் என்று மூன்று தலைப்பைச் சேர்த்துவிட்டு, "ஊருக்குத் தேர், பாட்டுக்குக் கேட்போர்" என்று ஒரு வரியும் புனைந்துவிட்டால், கதை அதோடு முடிந்தது. அமெரிக்க வகுப்பறைகளும் இதிலிருந்து தப்பியதாகத் தெரியவில்லை. கருத்து ஒரு வாக்கியம், சான்று ஒரு வாக்கியம், விளக்கம் இரண்டு வாக்கியம் என்று அச்சில் வார்த்த பத்திகளை அங்கேயும் பழக்குகிறார்கள். அந்தக் கடைசி நுட்பப் புள்ளிக்கென்றே சொற்றொடர்கள் சொல்லிக்கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். மதிப்பெண் இருக்கும் இடத்தில் வாய்ப்பாடு வந்துதான் தீரும். எந்த வாய்ப்பாடு வருகிறது என்பதைத்தான் திருத்தும் முறை தீர்மானிக்கிறது. 'கருத்து, சான்று, அதனால் என்ன' என்ற வாய்ப்பாடு 'மோனை, எதுகை, இயைபு' வாய்ப்பாட்டைவிட எவ்வளவோ தேவலை, ஏனென்றால் அதைப் பாடலைப் படிக்காமல் நிரப்ப முடியாது.

நடைமுறைக்கு வந்தால் முதல் தடை நேரம். ஒரு வகுப்பில் 45 பேர், இரண்டு பிரிவு என்று வைத்துக்கொள்வோம். வாரம் ஒரு பத்தி எழுதச் சொல்லி, ஒரு பத்திக்கு மூன்று நிமிடம் என்று திருத்தினால் நாலரை மணி நேரம். எந்தத் தமிழாசிரியருக்கும் வாரத்தில் அந்த நாலரை மணி நேரம் சும்மா கிடைப்பதில்லை, அதிலும் எமிஸ் என்ற பள்ளித் தகவல் இணையதளத்தில் பதிவும் தேர்தல் வேலையும் இருக்கிற ஊரில். அதனால் முழுக் கட்டுரையை விட்டுவிட வேண்டும். ஐந்து வரிப் பத்தி போதும். எல்லாவற்றையும் திருத்தவும் வேண்டாம்: ஒரு வாரம் கருத்து வாக்கியத்தை மட்டும் பார்ப்பது, அடுத்த வாரம் சான்றுக்கும் விளக்கத்துக்கும் நடுவிலுள்ள இணைப்பை மட்டும் பார்ப்பது. இணைப்பு இருக்கிற இடத்தில் மாணவர்களே ஒருவர் தாளில் ஒருவர் கோடு போடலாம். கோடு போட வரி இல்லை என்றால் அதுவே திருத்தம்.

பேச்சில் இருக்கும் கூர்மை எழுத்தில் வராமல் போவது இரண்டாவது தடை. பட்டறை வீட்டுப் பையன் வாயால் சொன்ன அழகான பதில், எழுதும்போது "ஔவையார் மிக அழகாகக் கூறியுள்ளார்" ஆகிவிடுகிறது. நோட்ஸ் தமிழ்தான் எழுத்துத் தமிழ் என்று பத்து வருடம் பழகிய கை அது. இதற்கு நான் கண்ட வழி, முதலில் பேச்சு வழக்கிலேயே எழுதச் சொல்லிவிட்டு, அப்புறம் வினைமுற்றுகளை மட்டும் மாற்றச் சொல்வது. சினிமா வசனமும் உதவுகிறது. ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவு இன்னும் நிற்கும் ஊர் இது. வசனத்தை யார், யாரிடம், எந்தத் தொனியில் சொல்கிறார் என்பதைப் பிரித்தறிய இங்கே யாருக்கும் பயிற்சி வேண்டாம். ஒரே வரியைக் கெஞ்சலாகவும் மிரட்டலாகவும் சொல்லிக் காட்டச் சொன்னால் கடைசி பெஞ்ச்தான் முதலில் எழும். ஔவையின் 'இவ்வே'யை ஒருமுறை அப்படி உரக்கச் சொல்லிப் பார்த்த வகுப்புக்கு, தொனி என்ற சொல்லை விளக்க வேண்டியிருக்காது.

மூன்று சுற்று என்ற அமைப்பை நம் புத்தகத்தை மாற்றாமலேயே கொஞ்சம் கொண்டுவரலாம். புத்தகத்தின் வரிசை அப்படியே இருக்கட்டும். கேள்வியை மட்டும் கூடவே எடுத்துப் போவது. ஜூனில் 'பேசுகிறவர் யார், கேட்கிறவர் யார்' என்ற ஒரே கேள்வியைச் செய்யுளுக்கும் கேட்பது, துணைப்பாடச் சிறுகதைக்கும் கேட்பது. காலாண்டுக்குப் பிறகு அதே கேள்வியைக் கொஞ்சம் திருகுவது: இவர் சொல்வதை அப்படியே நம்பலாமா? புதுமைப்பித்தனின் 'பொன்னகரம்' போன்ற ஒரு கதை கையில் கிடைத்தால் இந்தக் கேள்விக்கு அதைவிட வேறு வேண்டாம். தலைப்பிலிருந்து கடைசி வரி வரை சொல்வது ஒன்று, சுட்டுவது வேறு. புறம் 95-இல் புகழ்ச்சி மாதிரித் தெரிந்து கேலியாக மாறிய அதே உத்தி, வேறு காலத்தில், வேறு கோபத்தோடு. அதைத் தானாகக் கண்டுகொள்ளும் மாணவிக்கு இரண்டாம் சுற்று வேலை செய்துவிட்டது என்று அர்த்தம்.

முழு நாவலுக்குத்தான் நம்மிடம் இடமே இல்லை. ஏபி தேர்வின் மூன்றாவது கட்டுரைக்கு மாணவர் ஒரு முழுப் படைப்போடு சில வாரங்கள் வாழ்ந்திருக்க வேண்டும். பொதுத்தமிழ் படிக்கும் பிளஸ் டூ மாணவருக்கு அப்படி ஒரு கட்டாயம் கிடையாது. நூலகத்தில் புத்தகம் இருந்தாலும், பிப்ரவரியில் அதைக் கையில் எடுத்தால் வீட்டில் திட்டு விழும்.

இதற்கெல்லாம் எங்கே இடம் என்று கேட்டால், பதினொன்றாம் வகுப்பில் என்பேன். 2017-18-இல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு வந்தது. வந்ததற்குக் காரணமே, பல தனியார் பள்ளிகள் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தொடாமல் இரண்டு ஆண்டும் பிளஸ் டூ பாடத்தையே உருப்போட வைத்ததுதான்; சேலம், நாமக்கல் வட்டாரத்து விடுதிப் பள்ளிகளை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையோடு அந்தப் பொதுத்தேர்வு நீங்கியது. இப்போது பதினொன்றாம் வகுப்பு வினாத்தாளில் 'அதனால் என்ன?' என்று கேட்கவும், இணைப்புக்கு மதிப்பெண் போடவும் பள்ளி அளவிலேயே கொஞ்சம் சுதந்திரம் இருக்கிறது. அதே சுதந்திரத்தில் பழையபடி பிளஸ் டூ கைடை ஒரு வருடம் முன்னதாகவே பிரிக்கவும் முடியும். எங்கள் பக்கத்தில் இரண்டாவதற்கான அட்டவணைகள் ஏற்கனவே சுற்றில் வந்துகொண்டிருக்கின்றன. முதலாவது நடக்க வேண்டுமென்றால், காலாண்டுத் தேர்வு வினாத்தாள் தயாரிக்கும் முன்பே தமிழாசிரியர்கள் கூடி, நயம் பாராட்டலின் விடைக்குறிப்பை மட்டுமாவது மாற்றி எழுத வேண்டும்: மோனையைக் காட்டியதற்கு ஒன்று, அது அங்கே என்ன செய்கிறது என்று சொன்னதற்கு மூன்று.